அந்தரம் வஸ்தியாம்பிள்ளையின் முப்பத்தோராம் நாள்

என் மச்சான் வஸ்தியாம்பிள்ளையைக் கொன்றவன் நான்தான். வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் வாசலில், பட்டப்பகலில், நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்கக் கொன்றேன். கத்தியோ துவக்கோ தேவைப்படவில்லை. ஒரே ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டேன், மனிதர் முடிந்துபோனார்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, மார்ச் மாதம். யுத்த நிறுத்தம் என்று சொல்லி இரண்டு பக்கமும் கடிதம் எழுதிக்கொண்டிருந்த காலம். யாழ்ப்பாணத்து ஆட்கள் கிளாலிக் கடலேரியில் படகேறி, வவுனியாவில் இராணுவத்திடம் பாஸ் எடுத்து, கொழும்புக்கு வந்து வெள்ளவத்தை லொட்ஜுகளில் நிரம்பியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிய கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி அங்கே போய், ஊரிலிருந்து வந்தவர்களிடம் புதினம் கேட்பது என் வழக்கம். மற்ற ஆறு நாளும் ஒருகொடவத்தையில் ஒரு கொன்டெய்னர் யார்டில் கிளார்க் வேலை. நாள் முழுக்கப் பெட்டிகளின் இலக்கங்களை எழுதுகிறவனுக்கு ஊர்ப் புதினம் என்றால் சும்மாவா?

அன்று காலைதான் நீக்கிலாஸ் வந்து இறங்கியிருந்தான். எங்கள் ஊர்ப் பொடியன், இப்போது நாற்பது வயது. பல் துலக்கிக்கொண்டே சொன்னான்.

"அருளப்பு அண்ணை, விசயம் தெரியுமோ? வஸ்தியாம்பிள்ளை மோசம் போயிட்டார். வியாழக்கிழமை நெஞ்சு நோகுது எண்டு படுத்தவர், எழும்பேல்லை. அடக்கத்துக்கு நிண்டிட்டுத்தான் வெளிக்கிட்டனான்."

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் ஊர்க் கோயில் செபஸ்தியார் கோயில். அவர் பேர்தான் வாயில் தேய்ந்து வஸ்தியாம்பிள்ளை ஆனது. அதனால் கல்லெறிந்தால் ஒரு வஸ்தியாம்பிள்ளையின் தலையில்தான் விழும். ஆளை அடையாளம் பிடிக்க ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டம் உண்டு. என் மனைவியின் அண்ணன் 'அந்தரம்' வஸ்தியாம்பிள்ளை; எதற்கும் அவசரம், பொறுமையே கிடையாது. பிரசங்கம் ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் எழும்பி வெளியே போய்விடுவார். உலையில் அரிசி போடும்போதே கோப்பையோடு வந்து குந்துவார். பக்கத்துத் தெருவில் இன்னொருவர், 'ஆமை' வஸ்தியாம்பிள்ளை. அவர் சைக்கிளில் போனால் நடந்து போகிறவர்கள் முந்திக்கொண்டு போவார்கள்.

உயிரோடு இருக்கும்வரை யாரையும் பட்டம் இல்லாமல் சொல்லமாட்டோம். செத்த நிமிடத்திலிருந்து பட்டத்தை வாயிலும் எடுக்கமாட்டோம். செத்தவருக்கு ஊர் கொடுக்கிற மரியாதை அது. நீக்கிலாஸ் மரியாதை தெரிந்த பொடியன். வெறுமனே "வஸ்தியாம்பிள்ளை" என்றான். நான் "எந்த வஸ்தியாம்பிள்ளை?" என்று கேட்டிருக்கவேண்டும். வஸ்தியாம்பிள்ளை என்றாலே என் வீட்டில் ஒருவர்தான் என்ற நினைப்பில் கேட்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

ஏறியவன் நேரே போய்ச் சொன்னது நேசமலரிடம். அவள் என் மனைவி, அந்தரத்தின் ஒரே தங்கச்சி. அண்ணனோடு அவள் கதைத்து இரண்டு வருடம் ஆகப்போகிறது.

காரணம் சின்னதில்லை. தொண்ணூற்று மூன்று வைகாசியில் அவளுடைய அம்மாவுக்கு நோய் கடுமை என்று ஆள் மூலம் செய்தி வந்தது. எனக்கு லீவு கிடைக்கவில்லை. நேசமலர் தனியே வெளிக்கிட்டாள். வவுனியாவில் பாஸுக்காக இரண்டு நாள் மரத்தடியில் கிடந்தாள். கிளாலியில் இருட்டோடு இருட்டாக, நேவி வருமோ என்ற பயத்தில், படகில் குனிந்துகொண்டு போனாள். அவள் வழியில் நிற்கிறாள் என்று அண்ணனுக்குத் தெரியும். முன்னே போனவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்படியிருந்தும் அவர் அம்மாவை அடக்கிவிட்டார். அடுத்த நாள் காலை அவள் வீட்டு முற்றத்தில் கால் வைக்கும்போது பந்தலைக் கழற்றிக்கொண்டு நின்றார்களாம். "நேரமில்லை மலர், அடக்கிட்டம்" என்று மட்டும் அவர் சொன்னார். அவள் ஒரு சொல்லும் பேசாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல், கல்லறைக்குப் போய்விட்டு அன்றே திரும்பிவிட்டாள். அவர் எழுதிய கடிதம் ஒன்றையும் பிரிக்கவில்லை.

நேசமலர் நேர்மையான பெண். அது வீட்டுக்கு நல்லதில்லை. இரவுச் செபத்தில், மற்றவர்கள் எங்களுக்குச் செய்த குற்றத்தை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்று கேட்கிற இடம் ஒன்று வருமே, அந்த இடத்தில் வாயை மூடிவிடுவாள். நான் மட்டும் தனியாகச் சொல்லிக் கடக்கவேண்டும். பூசையில் நற்கருணை வாங்கி நன்மை எடுக்கவும் போகமாட்டாள். "மனசில ஒண்டை வச்சுக்கொண்டு வாயில ஆண்டவரை வாங்கேலாது" என்பாள். இரண்டு வருடம், ஞாயிற்றுக்கு ஞாயிறு, எல்லாரும் எழும்பி வரிசையில் போக, அவள் வாங்குப் பலகையில் தனியே இருந்து தன் சீலைக் கரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளைச் சமாதானப்படுத்த நான் படாத பாடு பட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

அண்ணன் செத்துப்போனார் என்றதும் நடந்தது.

அவள் அழுத அழுகையைப் பார்த்து நான் பயந்துபோனேன். கீழ்வீட்டு பைறோஸா ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணை, என்ர அண்ணை, ஒரு கடிதமாவது பிரிச்சிருக்கலாமே" என்று தலையில் அடித்தாள். பிறகு முகத்தைக் கழுவி, மெழுகுதிரி கொளுத்தி, முழந்தாளில் நின்றாள். அன்று செபத்தில் அந்த இடம் வந்தபோது, என் குரலுக்கு மேலால் அவள் குரல் கேட்டது. நான் அடுத்த வரியை மறந்துபோனேன்.

அடுத்த நாளே ஒறுத்தல் ஆரம்பம். தவக்காலம் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. எப்படியும் எதையாவது விடவேண்டிய காலம்தான்.

"அண்ணை உத்தரிக்கிற ஸ்தலத்திலதான் நிப்பார். அவரைத் தெரியும்தானே, நேரே மேல போற ஆள் இல்லை" என்றாள் நேசமலர். "அங்க நிண்டு அந்தரப்பட்டுக்கொண்டு நிப்பார், பாவம். நாங்கள்தான் இஞ்சயிருந்து ஒறுத்து மோட்சத்துக்கு எடுத்துவிட வேணும். நான் தேத்தண்ணி விடுறன். நீங்கள் சிகரெட்டை விடுங்கோ."

"நானேன்? அவர் உன்ர அண்ணன்."

"உங்களுக்கு மச்சான்."

ஒரு நாளைக்கு ஆறு தேத்தண்ணி குடிக்கிறவள் சுடுதண்ணீர் குடித்துக்கொண்டு இப்படிச் சொல்லும்போது என்ன செய்வது? விட்டேன். கோயிலுக்கு எதிரே தெருமுனையில் கடை வைத்திருக்கும் ஹமீட் நானாவிடம் அவள் முன்கூட்டியே போய்ச் சொல்லியும் வைத்துவிட்டாள். நான் போனதும் அவர் கையை விரித்தார்.

"எங்கட நோன்பு முடிஞ்சி பெருநாளும் போயிட்டு. இப்ப உங்கட நோன்பு. நோன்பு முறிக்கிறதுக்கு நான் சாமான் தரல்ல. டொபி ஒண்டு தரவா?"

முப்பத்தோராம் நாளுக்குப் பூசை சொல்லியாயிற்று. ஏப்ரல் முதலாம் திகதி, சனிக்கிழமை, காலை பத்து மணி. அந்த நாட்களில் நேசமலரின் முகம் எப்படி இருந்தது தெரியுமா? இரண்டு வருடமாக நான் காணாத முகம். அண்ணன் சின்ன வயதில் தன்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போய் இரண்டு பேரும் சாக்கடைக் கானுக்குள் விழுந்த கதையைச் சொல்லிச் சிரித்தாள். பாவசங்கீர்த்தனம் செய்து, ஞாயிற்றுக்கிழமை நன்மை எடுக்க எழும்பிப் போனாள். சிகரெட் இல்லாமல் டொபி சப்பினாலும் மனம் குளிர்ந்தது. செத்துத்தான் நல்லது செய்யவேண்டும் என்றால் மச்சான் இன்னும் முன்னமே செத்திருக்கலாம் என்றுகூட நினைத்தேன். கடவுள் கேட்டுக்கொண்டிருந்திருக்கவேண்டும்.

ஒறுத்தலின் பதினைந்தாம் நாள் வேலையிடத்துக்கு ஒரு கடிதம் வந்தது. ஊரிலிருந்து வந்த யாரோ யார்டுக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பிரித்தேன்.

'அன்புள்ள மச்சான், தங்கச்சி என் கடிதத்தைப் பிரிக்கமாட்டாள் என்று தெரியும், அதனால் உமக்கு எழுதுகிறேன். கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது. கொழும்பில் வெட்டலாம் என்கிறார்கள். முப்பதாம் திகதி வெள்ளவத்தை லொட்ஜுக்கு வருவேன். ஆமை வஸ்தியாம்பிள்ளை போனது கேள்விப்பட்டிருப்பீர்; செத்தவரின் பட்டத்தைச் சொல்லக்கூடாதுதான், சொல்லாவிட்டால் ஆள் விளங்காது. கடைசியில் அவர்தான் என்னை முந்திவிட்டார்.'

மூன்று தரம் வாசித்தேன். திகதியைப் பார்த்தேன். மார்ச் பத்து. நாங்கள் அவருக்காக அழுது ஐந்து நாளைக்குப் பிறகு எழுதியிருக்கிறார்.

முதலில் கோபம்தான் வந்தது. இருபது வருடமாகப் பற்றிய சிகரெட்டை, யாழ்ப்பாணத்தில் நண்டுக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருக்கிற மனிதனுக்காகவா விட்டேன்? கோபம் ஆறியதும் பயம் பிடித்தது. நேசமலர் மன்னித்தது செத்த அண்ணனை. உயிரோடு இருக்கிற அண்ணன் வந்து நின்றால்? அந்த வாய் திரும்ப மூடிக்கொண்டால்? திரும்ப அவள் வாங்கில் தனியே இருந்தால்? இந்தத் தரம் மூடினால் பிறகு திறக்காது என்று எனக்குத் தெரியும்.

கடிதத்தை மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தேன். மச்சானைச் செத்தவராகவே வைத்துக்கொண்டேன்.

ஐந்து நாள் தாங்கினேன். அதற்குமேல் முடியவில்லை. சனிக்கிழமை கோயிலுக்குப் போய், பாதர் இருந்து பாவம் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டேன். எங்கள் பாதர் இளம் ஆள், முப்பது வயதுகூட இருக்காது.

"பாதர், நான் ஒரு ஆளைச் சாகடிச்சுப்போட்டன்."

பலகைக்கு அந்தப் பக்கம் கதிரை கிரீச் என்றது.

"ஆனா ஆள் உயிரோட இருக்கிறார்" என்றேன்.

"அப்ப பாவம் என்ன?"

"உயிரோட இருக்கிறார் எண்டு தெரிஞ்சும் சாகவிட்டு வச்சிருக்கிறன், பாதர்."

முழுக்கதையையும் சொன்னேன். அந்தப் பக்கம் பாதர் அழுகிறாரோ சிரிக்கிறாரோ தெரியவில்லை. பிறகு இருமினார்.

"அருளப்பு, மனுசியிட்டச் சொல்லத்தான் வேணும். அதுதான் உங்களுக்கு அபராதம். பொய்க்கு மேல நிக்கிற மன்னிப்பு எத்தினை நாளைக்கு நிக்கும்?"

"சொன்னா அவ மன்னிப்பைத் திரும்ப எடுத்துப்போடுவா, பாதர்."

"எடுக்கலாம். ஆனா குடுக்கிறதும் எடுக்கிறதும் அவவின்ர. உங்கட இல்லை."

எழும்பும்போது ஒரு சந்தேகம் கேட்டேன். "நான் விட்ட சிகரெட் இப்ப ஆருக்குப் போகும்?"

"தேவையான ஒரு ஆன்மாவுக்குப் போகும்."

"ஆமை வஸ்தியாம்பிள்ளைக்கோ?"

"போகலாம்."

"அந்த மனுசன் வாழ்க்கையில ஒரு சிகரெட் பத்தினதில்லை, பாதர்."

"வெளியில போங்கோ" என்றார்.

பாவம், பாதரும் மாட்டிக்கொண்டார். தொட்டிக்குள் கேட்டதை வெளியில் சொல்லவும் முடியாது, உயிரோடு இருக்கிறவருக்கு மரித்தவர் பூசை வைக்கவும் முடியாது. அதன்பிறகு என்னைக் கண்ட இடமெல்லாம் புருவத்தைத் தூக்கினார். நான் நாளைக்கு, நாளைக்கு என்று கையால் காட்டிக்கொண்டு நழுவினேன்.

அப்படியே வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. பூசைக்கு முதல் நாள். அரைநாள் லீவு போட்டு வெள்ளவத்தைக்கு ஓடினேன். மச்சானை லொட்ஜிலேயே வைத்துப் பூட்டிவிட்டு, பூசை முடிந்தபின் ஆறுதலாகச் சொல்லலாம் என்பது என் திட்டம்.

அந்தரம் கட்டிலில் இருந்தார். மெலிந்து, இடது கண்ணில் பால் படர்ந்திருந்தது. என்னைக் கண்டதும், "எங்க மச்சான், எவ்வளவு நேரம்? பத்து மணியிலயிருந்து பாத்துக்கொண்டிருக்கிறன்" என்று ஆரம்பித்தார். நான் அவருக்கு எழுதவே இல்லை, நேரம் குறிக்கவும் இல்லை. இருந்தாலும் அவர் காத்திருந்து களைத்துவிட்டார்.

"மச்சான், கோவிக்கக்கூடாது. நீர் செத்து இண்டையோட முப்பது நாள்" என்றேன்.

நடந்ததைச் சொன்னேன். மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்ன வருத்தத்தில செத்தனான்? பூசைக்கு என்ன சாப்பாடு? சிகரெட்டை விட்டனீரோ, எனக்காகவோ? ஐயோ!" பக்கத்துக் கட்டில்காரர் எழும்பிப் பார்த்தார். சிரித்துச் சிரித்துக் களைத்த பிறகு, நல்ல கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"தங்கச்சி அழுதவளோ?"

"அழுதவள்."

"என்ன சொல்லி அழுதவள்?"

"கடிதம் பிரிச்சிருக்கலாம் எண்டு. எல்லாத்தையும் மன்னிச்சிட்டாள். நன்மை எடுக்கிறாள்."

அவர் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, "அப்ப நான் செத்தவனாவே இருந்திட்டுப் போறன், மச்சான். கண்ணை வெட்டிப்போட்டு அப்பிடியே திரும்பிப் போறன். சொல்லாதையும். அவள் நிம்மதியா இருக்கட்டும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஒரு நாள் பொறுத்திருந்தா இந்தக் கூத்தெல்லாம் தேவையோ? உம்மட அம்மாவை ஒரு நாள் வச்சிருக்கேலாமல் போச்சே உமக்கு! உம்மட அந்தரம்!"

கத்திவிட்டேன். அவர் திருப்பிக் கத்தவில்லை.

"வைகாசி வெயில் மச்சான். கரண்ட் இல்லை, ஐஸ் இல்லை, உடம்பு பழுதாகாமல் மருந்தடிக்க மருந்தும் இல்லை. ரெண்டாம் நாள் மத்தியானம் அம்மா மணக்கத் தொடங்கிட்டா. ஆக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு முத்தத்துக்குப் போயிட்டினம். நான் மட்டும் பக்கத்தில இருந்தனான். தங்கச்சி வந்தா அந்தப் பெட்டிக்கு மேல விழுவாள். சாகும்வரைக்கும் அம்மா எண்டா அவளுக்கு அந்த மணம்தான் வரும். என்னிலை கோவத்தோட இருந்திட்டுப் போகட்டும் எண்டு அடக்கிட்டன். ஊரிலயும் ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது எண்டு சொல்லிப்போட்டன்."

இரண்டு வருடம் அவர் எழுதிய கடிதங்களில் ஒன்றிலாவது இதை எழுதியிருக்கலாமே என்று கேட்டேன்.

"எழுதினா, அவளுக்குத் தெரியாமல் வச்சதுக்கு என்ன பிரயோசனம்?" என்றார். "நீரும் சொல்லக்கூடாது. செபஸ்தியார் மேல சத்தியம் பண்ணும்."

அந்தக் கதையைச் சொல்லமாட்டேன் என்று மட்டும் பண்ணினேன். வீடு வரும்வரை பஸ்ஸில் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தேன். நடத்துனர் மீதிச் சில்லறை தராததற்காக அழுகிறேன் என்று நினைத்து அவசரமாகத் தந்துவிட்டான்.

இந்த மனிதரைச் செத்தவர் என்று ஒளித்துவைக்க என்னால் முடியாது. வீட்டுக்கு வந்ததும் குசினி வாசலில் நின்றபடியே சொன்னேன். நேசமலர் நாளைய சாப்பாட்டுக்குக் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"உன்ர அண்ணன் சாகேல்லை. செத்தது ஆமை. பிழை என்ர. பதினைஞ்சாம் நாளே எனக்குத் தெரியும். இப்ப வெள்ளவத்தையில நிக்கிறார்."

கத்தி நின்றது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கணம் சந்தோஷம் வந்ததைக் கண்டேன். கண்டேன் என்று சத்தியம் பண்ணுவேன். அடுத்த கணம் அது போய்விட்டது. எழும்பினாள். கேத்தலை அடுப்பில் வைத்தாள். தேயிலையை அள்ளிப் போட்டாள், நாலு கரண்டி சீனி போட்டாள். இருபத்தைந்து நாளுக்குப் பிறகு முதல் தேத்தண்ணி. நின்றபடியே முழுக் கோப்பையையும் குடித்தாள்.

"செத்தவரை மன்னிக்கிறது லேசு" என்றாள். "அவர் திரும்பி வந்து முன்னால நிக்கமாட்டார், சோறு கேக்கமாட்டார், அந்தரப்படமாட்டார். இவரை எப்பிடி மன்னிக்கிறது?"

"அதே ஆள்தானே?"

"அதுதான் கரைச்சல்."

அன்று இரவு செபத்தில் அந்த இடத்தை நான் தனியாகத்தான் சொன்னேன்.

சனிக்கிழமை விடிந்ததும், அவள் தன் பாட்டுக்கு அடுப்பை மூட்டினாள். "பூசையை நிப்பாட்டேலாது. முப்பது பேருக்குச் சொல்லியாச்சு. பாதரிட்டப் போய் அம்மாவின்ர பேரைக் குடுங்கோ. அம்மாவுக்கு நான் நிண்டு ஒரு பூசையும் காணேல்லை" என்றாள். கொஞ்சம் பொறுத்து, கறியைக் கிண்டியபடி, "உங்கட மச்சானையும் வரச் சொல்லுங்கோ. பத்து மணிக்குக் கோயில் வாசலில" என்றாள்.

பேர் மாறியதைக் கேட்டு, "தேவனுக்குத் தோத்திரம்" என்று பாதர் பெருமூச்சு விட்டார். அத்தனை நாளும் அவர் சரியாகச் சாப்பிட்டிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

நேசமலருக்குத் தெரியும் என்று லொட்ஜுக்குப் போன் போட்டுச் சொன்னதும், மச்சான் ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கண்ணுக்குக் கறுத்தக் கண்ணாடி. வந்திருந்த ஊர்க்காரர் இரண்டு பேர் அவரைக் கண்டு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்கள். பைறோஸா வாசலில் நின்று, "இவர் செத்ததுக்குத்தானே இந்தக் கத்தம்?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். பத்து மணியானது. எல்லாரும் உள்ளே போனார்கள். நேசமலரைக் காணோம்.

பத்தேகால். பாதர் பூசை உடுப்போடு வெளியே வந்து மணிக்கூட்டைப் பார்த்தார். "பதினொண்டுக்கு எனக்கு ஞானஸ்நானம் இருக்கு. தொடங்குவமே? அவ வந்து சேருவா."

"வேண்டாம் சுவாமி. தங்கச்சி வரட்டும்" என்றார் அந்தரம்.

எனக்குக் காதை நம்பமுடியவில்லை. பிரசங்கத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கமாட்டாத மனிதர். கை விரல்கள் வேட்டிக் கரையைப் பிடித்துப் பிடித்து விட்டன. காலை மாற்றி மாற்றி வைத்தார். ஆனால் வாசலை விட்டு அசையவில்லை. நான் வீட்டுக்கு ஓடிப் பார்த்தேன். கதவு பூட்டியிருந்தது. திரும்பி வந்தேன். பத்து நாற்பது.

தெருமுனைச் சென்ட்ரிப் பொயின்டில் நின்ற பொலிஸ்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கறுத்தக் கண்ணாடியோடு ஒருவர் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலமாக ஒரே இடத்தில் நின்றால் வராதா? வந்து அடையாள அட்டை, ஐ.சி., கேட்டார். யாழ்ப்பாண ஐ.சி.யையும் வவுனியாப் பாஸையும் கண்டதும் முகம் மாறியது. ஸ்டேஷனுக்கு வரும்படி கையைக் காட்டினார்.

"நங்கி எனகம்" என்றார் மச்சான். தங்கச்சி வரும்வரை. அவருக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான். பொலிஸ்காரர் குரலை உயர்த்த, இவரும் உயர்த்தினார். "நங்கி எனகம்! நங்கி எனகம்!"

எனக்குத் தெரிந்த சிங்களத்தையெல்லாம் கொட்டி, கண் வைத்தியம், அம்மாவின் பூசை, பொலிஸ் வீட்டுப் பதிவில் இன்றைக்கே பேர் போடுகிறோம் என்று கெஞ்சிக்கொண்டிருந்தபோது, ஹமீட் நானாவின் கடைக்குள்ளிருந்து நேசமலர் வெளியே வந்தாள். வெள்ளைச் சீலை, கையில் குடை. பின்னால் ஹமீட் நானா எங்களுக்குக் கை காட்டிக்கொண்டு நின்றார்.

அவள் பொலிஸ்காரருக்கு முன்னால் வந்து நின்று, அழகான சிங்களத்தில், "என் சொந்த அண்ணன். நான் பொறுப்பு. பூசை முடியக் கூட்டிவருகிறேன்" என்றாள். அவர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தார்.

அண்ணனும் தங்கச்சியும் நேருக்கு நேர் நின்றார்கள்.

"எவ்வளவு நேரமா நிக்கிறியள்?" என்றாள்.

"இப்பத்தான் வந்தனான்."

"பொய். ஒம்பதே முக்காலில இருந்து நானாவின்ர கடைக்குள்ள நிண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்." அவள் ஒரு அடி கிட்ட வந்தாள். "இண்டைக்கு நிக்கத் தெரியுது. அண்டைக்கு ஏன் எனக்காக நிக்கேல்லை?"

நான் வாயைத் திறந்துவிட்டேன். மச்சான் கறுத்தக் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு பார்வை பார்த்தார், பால் படர்ந்த கண்ணாலும் நல்ல கண்ணாலும். நான் மூடிக்கொண்டேன். இருபத்தேழு நாள் சிகரெட்டை விட்டது அந்த ஒரு நிமிடத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"பிழைதான் மலர்" என்றார். "என்ர அந்தரம் தெரியும்தானே. நிண்டிருக்கலாம். நிக்கேல்லை. என்ர பிழை."

"ஓம், உங்கட பிழைதான்" என்றாள் நேசமலர். கன்னத்தால் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. குடையை மடக்கி என் கையில் தந்தாள். அண்ணனின் கண் தெரியாத பக்கமாகப் போய், அவருடைய முழங்கையைப் பிடித்தாள்.

"வாங்கோ அண்ணை" என்றாள். "அம்மாவை அடக்குவம்."

படியில் அவர் தடுமாறினார், அவள் தாங்கிக்கொண்டாள். உள்ளே மணி அடித்தது. நான் குடையோடு கொஞ்சநேரம் வாசலில் நின்று அழுதுவிட்டுப் பின்னால் போனேன்.